சேராது என்றால் நம்புவோமா?

“பசியாறியாச்சா?”

காலை வேளையில் இந்நாட்டுத் தமிழர் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். நலம் விசாரிப்பதற்கு முன்பே வயிற்றை விசாரிப்பவர்கள் நாம். வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய்த் தேநீராவது குடிக்காமல் புறப்பட்டால் நமக்கு மனம் ஆறாது. “அந்த வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் உறவே முறிந்தது என்று பொருள். மரியாதை, அன்பு, சமாதானம் எல்லாவற்றையும் நாம் சோற்றோடு சேர்த்துத்தான் பரிமாறுகின்றோம்.

அப்படியானால், சாப்பிட முடியாத ஒருவர் நம்மிடையே எப்படி வாழ்வார்? நோன்பு இருப்பவரையோ பத்தியம் காப்பவரையோ சொல்லவில்லை. ஆசை இருக்கிறது, தட்டில் சோறும் இருக்கிறது. ஆனால், நான்காவது வாயில் உடல் கதவைச் சாத்திக்கொள்கிறது. உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைத்தான் சொல்கின்றேன். அவர்களில் ஒருவர் என் பெரியம்மா. அவரை முன்வைத்து நம் விருந்தோம்பலைப் பற்றியும், நம் பேரவையின் தமிழைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன். சில வரிகள் கசக்கலாம். பொறுத்தருள வேண்டும்.

பெரியம்மாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. இருபது ஆண்டுகளாகக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இனிப்புநீர், இரத்த அழுத்தம், மூட்டு வலி மூன்றும் உண்டு. பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீட்டெண் 41. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், பிறகு தூக்கம். இதைச் சொல்லி அவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. நான் விடுதியில் இருந்துகொண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு மேகி கோரேங் சாப்பிடுகிறவன்.

இது ஒரு பெரியம்மாவின் கதை மட்டுமன்று. தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி 2019-ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடானது. 2019 ஆய்வை இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம்: 63.9 விழுக்காடு. எதில் முதலிடம் என்றாலும் மேடை போட்டுப் பேசும் நாம், இந்த முதலிடத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மகள் திருமணமாகி ஈப்போவில் இருக்கிறார். ஆகவே, மருத்துவமனைக்கு உடன் போனவன் கோலாலம்பூரில் படிக்கும் நான்தான். அதன் பெயர் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’. இந்தப் பெயராலேயே முதல் குழப்பம் ஆரம்பமானது. நம் சமூகத்தில் பைபாஸ் என்றால் இருதயம்தான். “உங்க பெரியம்மாவுக்கு எத்தனை அடைப்பு?” என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் ஏழெட்டுப் பேர். இருதயம் இல்லை, உடல் எடைக்காக என்று விளக்கியதும் மறுமுனையில் ஓர் அமைதி. அதன் பிறகு, “அதுக்கெல்லாமா ஆப்பரேஷன்? கொஞ்சம் வாயைக் கட்டினா போதாதா?” என்று கேட்டார்கள். மூன்றாவது அழைப்புக்குப் பிறகு, “மூன்று அடைப்பு” என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இருதய நோயாளிக்குக் கிடைக்கும் அனுதாபம் வயிற்று நோயாளிக்குக் கிடைப்பதில்லை.

வாயைக் கட்டச் சொல்பவர்களுக்காக ஒரு செய்தி. இந்தத் துறையின் இரண்டு மருத்துவச் சங்கங்கள் 2022-இல் புதிய வழிகாட்டியை வெளியிட்டபோது, ஆசியர்களுக்குக் குறியீட்டெண் 27.5 ஆனாலே இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றன. நம் உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே இனிப்புநீர் வந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். 41-இல் இருந்தவர் குறுக்குவழி தேடினார் என்று சொல்வது அறியாமை.

சிகிச்சையில் நடப்பது என்ன? இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் சற்றுக் கீழ்ப்பகுதியைக் கொண்டுவந்து அதனோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லாத இடம். எஞ்சிய இரைப்பை உள்ளேயே இருக்கிறது. உணவு அதன் வழியே போவதில்லை. 1966-இல் எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கி வைத்த முறை இது. காலப்போக்கில் பலவாறு திருத்தம் பெற்றிருக்கிறது. ‘ஸ்லீவ்’ என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். இரண்டிலும் உணவுத் தொல்லை உண்டு. ஆனாலும், இனிப்பு படுத்தும் பாடு பைபாஸில்தான் அதிகம்.

அதை நாங்கள் ஐந்தாம் வாரத்தில் தெரிந்துகொண்டோம். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் என்ன வாங்கி வருவார்கள்? மைலோ, ஆரஞ்சுப் பழம், 100பிளஸ். பெரியம்மா வீட்டு மேசை ஒரு மளிகைக்கடையாகவே ஆகிவிட்டது. ஒரு மாலை, பார்க்க வந்த உறவினர் ஒருவர் தாமே அடுப்படிக்குப் போய்க் கெட்டிப்பால் ஊற்றி மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். “தெம்பா இருக்கும், குடிங்க அண்ணி.” மறுக்க முடியாமல் அரைக் குவளை குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார். வந்தவர் பயந்துபோய் இருதயம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மருத்துவர்கள் இதை ‘டம்பிங் சின்ட்ரோம்’ என்கிறார்கள். சாதாரணமாக, இரைப்பையின் அடிவாயில் இருக்கும் தசைவளையம் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குள் விடும். பைபாஸில் உணவு அந்தக் காவலைத் தாண்டிப் போவதே இல்லை. சர்க்கரை மொத்தமாகக் குடலில் கொட்டும்போது, அதை நீர்க்கச் செய்ய இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது; குடல் சுரப்பிகளும் கலவரமடைகின்றன. அரை மணி நேரத்திற்குள் படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு எல்லாம் வந்துவிடும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு சுற்று வரும். ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடல் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்க, சர்க்கரை சரிந்து கை கால் நடுங்கும்.

கெட்டிப்பாலில் சர்க்கரையோடு பாலும் இருக்கிறதே, அது வேறு தொல்லை. ஆசியர்களில் பெரும்பாலோருக்கு வயது வந்த பின் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவுதான். இதுவரை சமாளித்து வந்தவர்களுக்கும், உணவு குடலில் வேகமாக இறங்கத் தொடங்கியதும் அந்தக் குறை வெளியே தெரிந்துவிடுகிறது. பெரியம்மாவுக்கு இன்றுவரை பால் ஆகாது. மோர் ஆகும். தயிர் புளிக்கும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி கரைந்துவிடுவதுதான் காரணம். மோர் குடிக்கும் பழக்கத்தைக் கண்டுபிடித்த நம் பாட்டிமாருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனிப்பும் பாலும் போக, மற்றவை அகராதி போல நீளும். கோழி மார்புக்கறியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் இணைப்பு வாயில் சிக்கிக்கொள்ளும். நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் வைத்தது போல் ஒரு வலி எடுக்கும், பிறகு வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறும். ரொட்டி மாவுருண்டையாகத் திரண்டுவிடும். சோறு ஊதிக்கொள்ளும். முருங்கைக்காய் நார், ஆரஞ்சுச் சுளைத் தோல், தேங்காய்ப்பூ எல்லாம் ஆபத்து. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். வாழை இலைச் சாப்பாட்டில் கடைசியாக ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கும் பழக்கமுள்ள அவருக்கு இதுதான் பெரிய தண்டனை. விசித்திரம் என்னவென்றால், மென்மையான இட்லி அடைத்துக்கொண்டது. முறுகல் தோசை பாதி இறங்கியது. இன்னொருவருக்கு இது நேர்மாறாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவைக் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இனி என் குற்றத்திற்கு வருகின்றேன்.

மருத்துவமனையில் ஓர் உணவுக் குறிப்புத்தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் ஆங்கிலம். பெரியம்மா மலாய் நன்றாகப் பேசுவார். ஆனால், தாளில் அச்சடித்த மலாய் சந்தையில் பேசும் மலாய் அன்று. தவிர, அதில் சொல்லப்பட்ட ஓட்ஸ், கிரீம் சூப், மசித்த உருளைக்கிழங்கு எதுவும் அவர் சமையலறையில் கிடையாது. “நீதான் தமிழ்ப் பேரவையில இருக்கியே தம்பி, தமிழ்ல எழுதிக் குடு” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் எதிர்நீச்சல் போட்டு எஸ்.பி.எம். வரை தமிழ், பிறகு பேரவையின் சொற்போர் மேடை. இந்தத் தமிழுக்கு ஒரு பயன் வந்துவிட்டது என்று எண்ணினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ‘உணவுச் சகிப்பின்மை’ என்று தலைப்பிட்டேன். ‘கூழ்மநிலை உணவு’, ‘புரதச்செறிவு’, ‘நுண்ணூட்டங்கள்’ என்றெல்லாம் கலைச்சொற்கள் அணிவகுத்தன. கடைசி வரி: ‘தொடர் வாந்தி ஏற்படின் உடனடியாக மருத்துவரை அணுகுக.’ எழுதி முடித்ததும் எனக்கு நானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

பெரியம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார். பெருமையாக வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஆறாம் வாரத்திற்குப் பிறகு வாந்தி தொடங்கியது. கஞ்சி வாந்தி, பருப்புத் தண்ணீர் வாந்தி, கடைசியில் வெறும் தண்ணீரும் பாதி திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள். பத்து நாட்கள் கழிந்தன. எனக்கு அப்போது தேர்வு. வாரம் ஒரு முறைதான் பேசினேன், பேசும்போதெல்லாம் “நல்லா இருக்கேன் தம்பி, படி” என்றார். பதினோராம் நாள் கழிவறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது, பையையும் குடலையும் இணைத்த இடம் தழும்பேறிச் சுருங்கிப் போயிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, நுனியில் இருந்த சிறு பலூனை ஊதி அதை விரித்தார்கள். பலூனுக்கு முன்பே சொட்டு மருந்தில் வைட்டமின் பி1 ஏற்றினார்கள். நாள் கணக்கில் வாந்தி எடுப்பவருக்கு அந்த வைட்டமின் தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். சில சமயம் அது திரும்பவே திரும்பாது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று தாதி ஒருவர் மலாயில் சொன்னதை நான் பெரியம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

“தாள்லதான் எழுதியிருந்தேனே பெரியம்மா, ஏன் சொல்லல?” என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“தொடர் வாந்தின்னுதானே எழுதியிருந்த? நிக்காம வர்றதுன்னு நெனச்சேன். எனக்குச் சாப்பிட்டா மட்டும்தானே வந்துச்சு.”

நண்பர்களே, அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் என் தாளைப் படித்திருக்கிறார்; ஒவ்வொரு சொல்லையும் மதித்துப் படித்திருக்கிறார். ‘சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வாந்தி வந்தால், ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும். சொற்போரில் வாங்கிய கேடயம் என் விடுதி அறையில்தான் இருக்கிறது. அன்றிரவு அதைத் துணியால் மூடி வைத்தேன். இது நாடகத்தனமாகத் தோன்றலாம், ஆனால், செய்தேன்.

இரண்டாம் முறை எழுத உட்கார்ந்தபோது தலைப்பிலேயே தடுமாறினேன். உணவுச் சகிப்பின்மை என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். “சாப்பாட்டப் பொறுத்துக்க முடியாத கோவக்காரவுங்களா?” என்றார். ஒவ்வாமை என்று எழுதலாமா என்றால் அது வேறு. ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்புச் சக்தி உணவைப் பகைவனாக எண்ணித் தாக்குகிறது. தோல் தடிக்கும், மூச்சு முட்டும். பெரியம்மாவுக்கு நடப்பது செரிமானப் பாதையின் இயலாமை. இதற்கு என்ன சொல் என்று நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “சேராத சாப்பாடுன்னு போடு.”

சேராது. எத்தனை அழகான சொல்! “தாத்தாவுக்குக் கத்தரிக்காய் சேராது”, “அவளுக்குக் கருவாடு சேராது” என்று நாம் கேட்டு வளர்ந்ததுதானே. யார் மேலும் பழி போடாத சொல். உணவும் நல்ல உணவுதான், உடலும் நல்ல உடல்தான், இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை, அவ்வளவே. தாத்தா சொன்னால் யாரும் அவர் இலையில் கத்தரிக்காயைத் திணித்ததில்லை.

ஆனால், பெரியம்மா சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இதுதான் என் ஆதங்கம். அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் தீபாவளி. எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. சிறு தட்டில் இரண்டு கரண்டிக் கூட்டும் ஒரு துண்டு மீனும் வைத்துக்கொண்டு பெரியம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் அந்தத் தட்டைக் கடந்து போனார்களோ அத்தனை கருத்துகள். “என்ன இது, பூனைக்கு வெச்ச மாதிரி?” “போன வருஷம் ரெண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டவங்கதானே நீங்க!” “ஒரு வாய் கேசரி, ஒரே வாய், தீபாவளியும் அதுவுமா.” சேராது என்று அவர் ஐந்து முறை சொன்னதை நான் எண்ணினேன். ஆறாவது ஆள் வயதில் மூத்தவர். தாமே கரண்டியில் எடுத்து நீட்டினார். மூத்தவர் நீட்டிய கையை எப்படித் தட்டுவது? வாங்கிக்கொண்டார். இருபது நிமிடத்தில் என் அறைக்குள் படுத்துவிட்டார். வெளியே, “கண்ணு பட்டிருக்கும், எவ்வளவு இளைச்சிட்டாங்க” என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த மூத்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். பெரியம்மா மேல் அன்பு இல்லாதவர் கரண்டியை நீட்டியிருக்க மாட்டார். ஆயினும், மறுப்பதற்கு இடம் கொடுக்காத அன்பை நான் விருந்தோம்பல் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அளவறிந்து உண்பதைப் பற்றி விரிவாகப் பேசும் மருந்து தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். நம் பேச்சுப் போட்டிகளில் ஒன்பதாம் அதிகாரத்தைக் கேட்ட அளவுக்குத் தொண்ணூற்றைந்தைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்துவது ஒரு பக்கம் என்றால், சேராதவற்றை விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது என்று தெரியாமல் நோயாளி மெலிவது இன்னொரு பக்கம். இந்தச் சிகிச்சைக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் கணக்கியல் மாணவன். கோழி சேரவில்லை, ஆடு சேரவில்லை, பால் சேரவில்லை. இதற்கிடையே புரட்டாசி வந்தது. பெரியம்மா ஆண்டுதோறும் மாதம் முழுவதும் சைவம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாக இறங்கும் மூன்று முதல் ஆறு மாதங்களில் முடி கொட்டுவது வழக்கம்தான், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால், புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் நிலைமை மோசமாகும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் நிறுத்தக்கூடாது. “எடைதான் குறைஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று கேட்பவர்களும் நம்மவர்கள்தாம்.

அடுத்த சந்திப்பில் உணவியல் நிபுணரிடம் இதைச் சொன்னோம். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி, பொறுமைசாலி. “மக்சிக் வீட்டில் என்ன சமைப்பீர்கள்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோசை, இட்லி அவருக்குத் தெரியும். இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது? கூட்டு தெரியவில்லை. பருப்பும் காயும் குழைய வேகவைப்பது என்று நான் விளக்கியதும் முகம் மலர்ந்து, அதுதான் வேண்டும், காயைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள் என்றார். புரட்டாசிக்குத் தவ்ஹூவும் தெம்பேயும் மோரும், மற்ற மாதங்களில் ஆவியில் வேகவைத்த மீனும் முட்டையும் என்று முடிவானது. அந்த அரை மணி நேரம் முழுவதும் இரண்டு சமையலறைகளுக்கு நடுவே நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். உடன் வர ஆள் இல்லாத பெரியம்மாக்கள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

ஆகவே, நம் பேரவையிடம் ஒரு கோரிக்கை வைக்கின்றேன். ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகின்றோம்; சொற்போர், கவியரங்கம், பேச்சுப் போட்டி எல்லாம் வேண்டியவைதாம், அவற்றால் வளர்ந்தவன் நான். இந்த ஆண்டு இவற்றோடு சேர்த்து ஒரே ஒரு தாள் தயாரிப்போம். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட தமிழர்களுக்காக, நம் சமையலறைப் பெயர்களோடு, நாம் பேசும் தமிழில் ஒரே ஒரு தாள். நம் உறுப்பினர்களில் மருத்துவம் படிப்பவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் உறுப்பினர்களில் மருத்துவர்களும் தாதியரும் இருக்கிறார்கள். ஆண்டிதழைத் தவறாமல் வாங்கும் நீங்கள் இதற்கு ஓர் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க மாட்டீர்களா?

செயற்குழு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “தமிழ்ப் பேரவை இலக்கியம் வளர்க்கும் இடம், மருத்துவக் கையேடு போடும் இடமா?” என்று கேட்டார். இன்னொருவர் கேட்டதுதான் கனமான கேள்வி: “தப்பாக மொழிபெயர்த்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?” ஆகும். என்னாலேயே ஆகியிருக்கிறது. அதனால்தான் என்னைப் போன்ற தனியாள் இரவில் உட்கார்ந்து எழுதுவது போதாது என்கின்றேன். மருத்துவர் சரிபார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஆறாம் வகுப்போடு நின்ற ஓர் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்து, “உங்களுக்கு என்ன புரிந்தது, சொல்லுங்கள்” என்று கேட்ட பிறகே அச்சுக்குப் போக வேண்டும். முதலாம் நண்பருக்கு என் பதில் சுருக்கமானது. ஒரு மொழியில் வயிற்று வலியைச் சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த மொழியில் நிலவைப் பற்றி நான் எழுதும் கவிதையை எனக்கே நம்ப முடியவில்லை.

பெரியம்மா இப்போது முப்பத்தெட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. மாடிப்படி ஏறுகிறார். ஆட்டிறைச்சி இன்னும் சேரவில்லை, பொரிக்கும் எண்ணெய் வாசனையே பிடிக்கவில்லை என்கிறார். தாள் இப்போது நான்காம் பதிப்பில் இருக்கிறது. முதல் வரி ‘சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வாந்தி வந்தால்’ என்று சிவப்பு மையில் தொடங்குகிறது. கீழே பாதிப் பக்கத்தைக் கோடு போட்டு வெறுமையாக விட்டிருக்கின்றேன், அவரே எழுதிக்கொள்வதற்காக. சென்ற வாரம் போனபோது பார்த்தேன். தோட்டத்துப் பள்ளியில் பழகிய குண்டு குண்டான எழுத்தில் பதிந்திருந்தார்:

‘ரசம், வெறும் ரசம், சோறு இல்லாம – சேருது. உளுந்து வடை பாதி, நல்லா மென்னு சாப்டது – சேந்துச்சு. மிச்சம் பாதி தம்பிக்கு வெச்சிருக்கு.’